காட்பாடி வண்டியும் எண்பதாவது நிமிடமும்: ஐ.எஸ்.எல். 2017-18 பயன்பாட்டு அனுபவம்

2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்படுகிறது என்று செய்தி வந்தது. அன்றைக்கு ராத்திரியே காந்தி நகரிலிருந்து மச்சான் போன். "இன்னா மாமா, புது சீசன் வராது போல கீது. பழசுல எதையாவது உக்காந்து பாக்கலாம்னா எது தேறும்?"

தேறுவது 2017-18. பத்து அணி, ஆளுக்குப் பதினெட்டு மேட்ச், முதல் நான்கு அணிக்கு அரையிறுதி, இதெல்லாம் அவனுக்கே தெரியும். நம்ம அணி சென்னையின் எஃப்.சி. கோப்பையைத் தூக்கியதும் தெரியும். அந்த சீசனை வேலூரிலிருந்து போய்ப் பார்ப்பது என்ன பாடு என்பதுதான் தெரியாது. அதை போனில் சொல்ல ஆரம்பித்து அவன் தூங்கப் போய்விட்டதால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அந்த சீசனில் மேட்ச் பெரும்பாலும் எட்டு மணிக்கு. மரினா அரினா என்று நாங்கள் சொல்லும் நேரு ஸ்டேடியம் பெரியமேட்டில் இருக்கிறது, சென்ட்ரல் நடக்கிற தூரம். வேலூர்க்காரனுக்கு இதைவிட வசதியான மைதானம் கட்டவே முடியாது. ஆனால் எட்டு மணிக்கு ஆரம்பித்தால் இடைவேளை, காயத்துக்கு நிறுத்துவது எல்லாம் சேர்த்து முடிய பத்தை நெருங்கும். பத்து மணியை ஒட்டிய வண்டியில் ஏறினால் நள்ளிரவு வாக்கில் காட்பாடி, வேலூர்க்காரன் இறங்குகிற ஸ்டேஷன். அதற்கு ஒன்பதரை தாண்டியதும் எழுந்தாக வேண்டும். அது சரியாக எண்பதாவது நிமிடம். விட்டால் கோயம்பேட்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து பஸ், வீடு சேரும்போது பால் பாக்கெட் வந்திருக்கும்.

சரி, பத்து நிமிடம்தானே என்று விடலாம். மற்ற சீசனாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். இந்த சீசன் கோல்களையெல்லாம் எண்பதுக்கு மேல்தான் கொட்டியது. முகூர்த்தம் முடிந்து இலை போடும் நேரத்தில் பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்ன மாதிரி.

2017 டிசம்பர் 7, வியாழக்கிழமை. எதிரணி கொல்கத்தாவின் ஏ.டி.கே. கூட வந்தவர் என் சித்தப்பா. இளவயதில் கோட்டை மைதானத்தில் பந்து ஆடியவர், இப்போது முட்டிவலிக்காரர். நடு ராத்திரி பஸ் அவருக்கு ஆகாது. 65ஆவது நிமிடத்தில் நம்ம ஜேஜே கோல் போட்டார். 77இல் ஜெக்கின்யா சமன் செய்தார். "இனிமே ஒண்ணும் ஆவாதுடா, கிளம்பு" என்று சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கேட்டைத் தாண்டுவதற்குள் உள்ளே ஒரு பெரும் சத்தம். கால்டெரோன், 84. சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிப்பன் கட்டிடத்துப் பக்கம் வந்தபோது போனில் 2-2 என்று காட்டியது, குக்கி, 89. நான் வாயைத் திறக்கும் முன்னே பின்னாலிருந்து இன்னொரு சத்தம். சாலையோரம் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்திவிட்டு, "நம்மாளுதான் போட்டிருக்கான்" என்றார். போனில் அது வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜேஜே, 90. 3-2. டிக்கெட் வாங்கிப் போன மேட்சின் ஐந்து கோலில் மூன்றைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

அடுத்த தடவை தனியாகவே போனேன். டிசம்பர் 22, கேரளா பிளாஸ்டர்ஸ். என்ன ஆனாலும் கடைசி விசில் வரை நகர்வதில்லை என்று உட்கார்ந்தேன். 89இல் பெனால்ட்டி, மிஹெலிச் அடித்தார், அரங்கமே எழுந்து நின்றது. 94இல் சி.கே.வினீத் வந்து 1-1 ஆக்கிவிட்டுப் போனார். அந்தச் சமநிலையைக் கையில் வாங்கிக்கொண்டு கோயம்பேட்டில் பஸ் ஏறி, வாலாஜா தாண்டும்வரை பக்கத்துச் சீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், அவர் கேரளாக்காரர்கூட இல்லை.

நியாயமும் பேச வேண்டும். சென்னையில் வேலைக்குப் போகிறவர்கள் ஆபீஸ் முடித்து, சாப்பிட்டுவிட்டு வர எட்டு மணி சரியான நேரம். டி.வி.க்கும் அதுதான் வேண்டும். புழுக்கத்தில் ஓடுகிற ஆட்டக்காரர்களுக்கும் ராத்திரிதான் நல்லது. இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டபின்னும் எரிச்சல் தீரவில்லை. அடுத்த வருஷம் ஏழரைக்கு மாற்றினார்களே, அதை ஒரு வருஷம் முன்னாடி செய்திருக்கக் கூடாதா?

எரிச்சலுக்கு ஈடு செய்தது ஆட்டம். முதல் மேட்சிலேயே கோவாவிடம் முன்பாதியில் மூன்று வாங்கி, பின்பாதியில் இரண்டைத் திருப்பி 3-2 என்று தோற்ற அணி இது. ஜான் கிரகரி அப்போதுதான் கோச்சாக வந்திருந்தார். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கார்னர் கிடைத்தால் ஒரு கை பார்த்துவிடுவார்கள். கிரகரி நெல்சன் பந்தைத் தூக்கிப் போடுவார், மைல்சன் ஆல்வெஸ் தலையைக் கொடுப்பார். எல்லோருக்கும் தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் தன்பால் கணேஷ். வியாசர்பாடிப் பையன், நடுக்களத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே முட்டி மோதி நின்றான். டிசம்பர் 17 பெங்களூரில் பெங்களூரு எஃப்.சி. 85இல் சமன் செய்ய, 88இல் இவன் கோல் போட்டு 2-1 என்று முடித்தான். நல்லவேளை, அது டி.வி.யில் பார்த்த மேட்ச். எழுந்து போகச் சொல்ல ஆளில்லை. மார்ச் 13 அரையிறுதியில் கோவாவை 3-0 என்று அடித்தபோது ஜேஜே இரண்டு, இவன் ஒன்று.

இறுதிப் போட்டி மார்ச் 17, அதே பெங்களூரு எஃப்.சி.யோடு, அவர்கள் ஊர் கண்டீரவா மைதானத்தில். வேலூர் வீடுகளில் ஒரு பிள்ளை சென்னையில் இருந்தால் இன்னொன்று பெங்களூரில் இருக்கும். சித்தப்பா மகன் அங்கே வேலை பார்க்கிறவன், பெங்களூரு அணியின் நீலச் சட்டை போட்டு அரங்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் சத்துவாச்சாரி வீட்டில் டி.வி. முன்னால். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி அடித்ததும் அவனிடமிருந்து வீடியோ கால் வந்தது, சித்தப்பா கட் பண்ணிவிட்டார். 17இல் நெல்சன் கார்னர், மைல்சன் தலை. இடைவேளைக்கு முன் அதே கார்னர், அதே தலை. 67இல் ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து ஒன்று. தொண்ணூறு நிமிடம் தாண்டி, காயத்துக்காகச் சேர்த்த நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்பி 3-2. இந்தத் தடவை நாங்கள் கால் பண்ணினோம், அவன் எடுக்கவில்லை.

மறுநாள் எடுத்தவன் கேட்ட கேள்வி நியாயமானது. லீக்கில் பெங்களூருக்கு 40 புள்ளி, நமக்கு 32. எட்டு புள்ளி பின்னால் இருந்தவனுக்குக் கோப்பை, முன்னால் இருந்தவனுக்கு ஒன்றுமில்லை. அட்டவணையில் முதலிடத்துக்கு ஷீல்டு என்று ஒன்று வைத்ததே 2019-20இல்தான். என்னிடம் பதில் இல்லை. கோப்பைதான் இருந்தது.

ஊரில் இது யாருக்கும் தெரியாது என்பது தனிக்கதை. மூன்றே வாரத்தில் எங்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் கோல்ட் கோஸ்ட்டில் காமன்வெல்த் தங்கம் தூக்கினார். அப்புறம் கால்பந்தை யார் பேசப் போகிறார்கள்? பளு தூக்குகிற ஊர் இது.

வாங்கும் முன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தச் சரக்கு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2018-19இல் அதே கோச் கிரகரி, அதே மைல்சன், அதே அகஸ்டோ. மொத்தம் 9 புள்ளி, கடைசி இடம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு என்ன மதிப்பெண் என்றால், ஐந்துக்கு இரண்டு. மச்சான் கேட்டால் கோபிப்பான். கோபிக்கட்டும், அவன் அந்த வேர்க்கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்றவன் இல்லை. டி.வி.யில் மட்டும் பார்த்தவர்கள் நாலரை போட்டுக்கொள்ளலாம். மச்சான், சுருக்கக் காட்சிகளில் டிசம்பர் 7 மேட்சை 80ஆவது நிமிடத்திலிருந்து பார், போதும். இனி எப்போதாவது டிக்கெட் எடுக்கப் போனால், ராத்திரி மேட்சுக்கு என்னைக் கணக்கில் சேர்க்காதே. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி மேட்ச் என்று ஏதாவது வந்தால் சொல்லு, சித்தப்பாவுக்கும் சேர்த்து எடுத்துவிடு.