நேபாள வழியா, பூடான் வழியா?

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே கடலில்லாத இரண்டு நாடுகள். இருவரிடமும் உறவு வைத்துப் பேரம் பேசுவது நேபாளத்தின் வழி. ஒருவர் கையை மட்டும் பிடித்துக்கொள்வது பூடானின் வழி. எது மேல் என்று கேட்டால், நான் அடுப்படியிலிருந்துதான் பார்ப்பேன்.

பூடான் 1949 ஒப்பந்தத்தில் வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடப்பதாக ஒப்புக்கொண்டது. அந்த வாசகம் 2007இல்தான் நீங்கியது. சீனாவோடு இன்றுவரை தூதரக உறவு இல்லை. பதிலுக்குக் கிடைத்தது குறைவல்ல: சுக்கா, தாலா நீர்மின் நிலையங்கள் இந்தியப் பணத்தில் எழுந்தன, மின்சாரத்தை வாங்குவதும் இந்தியாதான். 2017இல், பூடானும் சீனாவும் உரிமை கோரும் டோக்லாம் மேட்டில் சீனா சாலை போட வந்தபோது இந்திய ராணுவம் 73 நாள் எதிரே நின்றது.

ஆனால் 2012இல் பிரதமர் ஜிக்மே தின்லே ரியோவில் சீனப் பிரதமரைச் சந்தித்தார். மறு ஆண்டு ஜூலையில், தேர்தல் நேரத்தில், சமையல் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா தந்த மானியம் நின்றது. பூடானின் ஐந்தாண்டுத் திட்டக்காலம் முடிந்துவிட்டது என்பது இந்தியா சொன்ன காரணம். சிலிண்டர் விலை எகிறியது, தின்லே கட்சி தோற்றது.

நேபாளத்துக்கோ மத்தளம்போல இரு பக்கமும் இடி. 1988இல் சீன ஆயுதம் வாங்கியது. 1989இல் இந்தியா பெரும்பாலான எல்லை வழிகளை மூடியது. 2015இல் நிலநடுக்கம் முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. புதிய அரசியல் சாசனம் வந்ததும், இந்திய எல்லையிலுள்ள பீர்கஞ்சில் லாரிகள் நின்றன. சாசனத்தை எதிர்த்து, தெற்குச் சமவெளியில் வாழும் மதேசிகள் நடத்திய போராட்டமே காரணம், முற்றுகை எதுவும் இல்லை என்றது இந்தியா. காத்மாண்டுவில் பாதி நிரப்பிய சிலிண்டருக்கு வரிசை, பல வீடுகளில் விறகடுப்பு. சீனா ஆயிரம் டன் எரிபொருளை இலவசமாகத் தந்தது; ஒரு நாட்டுக்கு அது எத்தனை நாள் வரும்? சீனாவுக்குப் போகும் மலைப்பாதைகளும் நிலநடுக்கத்தில் சிதைந்து கிடந்தன.

2016இல் சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தும் ஒப்பந்தத்தில் நேபாளம் கையெழுத்திட்டது. அந்தத் துறைமுகங்களோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன; இந்தியாவின் கொல்கத்தா துறைமுகம்தான் கிட்டத்தில். 2019இல் எரிபொருள் குழாய் வந்தது, அதுவும் பீகாரின் மோதிஹாரியிலிருந்து.

இருந்தும் நான் நேபாளத்தின் பக்கம்தான். இரண்டு நாட்டிலும் அடி விழுந்தது அடுப்பில்தான். நேபாளத்துக்கு அதன்பின் பேச ஒரு எதிர்த்தரப்பாவது இருந்தது. பூடானும் இதை உணர்ந்திருக்க வேண்டும்: 2023 அக்டோபரில் அதன் வெளியுறவு அமைச்சர் எல்லைப் பேச்சுக்காகப் பெய்ஜிங் போனார்.