சர்வோ வயரை நீட்ட: கிரிம்ப்பா, சால்டரா?

இறக்கை நீளமான ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) விமானம் கட்டினால், இறக்கையில் உள்ள சர்வோவுக்கு (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) கடையில் கிடைக்கும் ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் ஒன்று எட்டாது, இல்லையென்றால் சுருட்டித் திணிக்க வேண்டியிருக்கும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வயர் வாங்கி நாமே பின் கிரிம்ப் செய்யலாம், அதாவது வயர் முனையில் உலோகப் பின்னை நசுக்கிப் பொருத்தலாம். அல்லது ரெடிமேட் லீடை (கனெக்டரோடு வரும் வயரை) வெட்டி, நடுவில் வயர் சேர்த்து சால்டர் வைக்கலாம்.

செலவு: கிரிம்ப்புக்குத் தனிக் கருவி வேண்டும், அப்புறம் ஒவ்வொரு லீடும் மலிவு. சால்டரிங் அயர்ன் பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும்.

சுலபம்: கிரிம்ப் பின்னில் இரண்டு ஜோடி இறகுகள். ஒன்று செம்பையும் மற்றது மேலுறையையும் பிடிக்க வேண்டும். சாதாரண பிளையரால் நசுக்கிய என் முதல் பத்துப் பின்களும் குப்பைக்குத்தான் போயின. சால்டரில் சர்வோவின் மூன்று வயர் இணைப்புகளையும் முன்பின் தள்ளி வைத்தால் ஒன்றோடொன்று உரசாது. ஹீட் ஷ்ரிங்க் டியூபை (சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்) முதலிலேயே நுழைத்துவிடுங்கள். எல்லோரும் மறப்பார்கள், நானும்தான்.

உறுதி: இங்கேதான் விஷயம். ஈயம் ஊறிய வயர் விறைத்துவிடும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு முறியும். நல்ல கிரிம்ப்பில் அந்த விறைப்பு இல்லை.

ஒரே ஒரு லீடு, அதுவும் ஃபோம் விமானத்துக்கு என்றால் சால்டர் போதும். பெட்ரோல் எஞ்சின் மாடலுக்கோ, ஆறேழு லீடுகளுக்கோ கிரிம்ப் கருவியே வாங்குங்கள். நீளம் கூடினால் 26-க்குப் பதில் 22 கேஜ் வயர் (எண் குறைந்தால் வயர் தடிமன்). எப்படிச் செய்தாலும் கனெக்டரில் சிவப்பு வயர் நடுவில்தான். மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.