சிவப்புத் தட்டைப்புழு: மருந்தா, மீனா, நத்தையா?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் டேங்கில் மணலிலும் பாறையிலும் துரு படிந்தாற்போல ஒட்டிக்கொண்டு, வால் பக்கம் மூன்றாகப் பிரிந்திருக்கும் பொடிப் புழுவைப் பற்றியது இது. அக்ரோபோரா என்கிற பவளத்தைத் தின்கிற புழு வேறு. அதற்குப் பவளத்தை வெளியே எடுத்து மருந்தில் முக்கி, முட்டையைச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

மீன் விட்டால் போதும் என்பார்கள். சிக்ஸ்லைன் ராஸ், மஞ்சள் கோரிஸ் இரண்டுக்கும் அந்தப் பேர் உண்டு. ஒன்று தின்னும், அதே இனத்தில் இன்னொன்று திரும்பியும் பார்க்காது. சிக்ஸ்லைன் போகப்போகச் சின்ன மீன்களை விரட்டும். கோரிஸுக்குப் புதைந்து தூங்க இரண்டங்குல மணலாவது வேண்டும். இரண்டும் குதிக்கும், மேலே வலை கட்டாயம். பெருகிவிட்ட புழுவை மீன் தீர்க்காது. மருந்துக்குப் பிறகு மிச்சசொச்சத்துக்கு விடலாம்.

வெல்வெட் கடல் நத்தைக்கு இந்தப் புழுதான் சாப்பாடு. தீர்ந்ததும் பட்டினியில் சாகும், அதற்குமுன் அலை உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்பில் அரைபடாமல் இருந்தால். சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து காரைக்குடிக்குப் பார்சலில் உயிரோடு வந்து சேருமா என்பதும் சந்தேகம்தான்.

என் ஓட்டு சாலிஃபெர்ட் ஃபிளாட்வார்ம் எக்சிட் என்கிற மருந்துக்கு. இதில் டேங்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மருந்தல்ல, செத்த புழு விடும் நஞ்சு. ஆகவே முதல் வேலை உறிஞ்சுவது. விளக்கு எரிந்து சில மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் கூடியிருக்கும்போது, ஏர் ட்யூபால் பக்கெட்டுக்கு இழுத்துக் கொட்டுங்கள். பல நாள் இப்படி எடுத்துக் கண்ணுக்குத் தெரிவது குறைந்தபிறகே மருந்து.

தண்ணீரை வடிகட்டும் கார்பனை எடுத்துவிட்டு யூவி விளக்கை நிறுத்துங்கள். பாறை, மணல் கழித்து உண்மையான லிட்டருக்கு, பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவு. அரை மணிக்குள் புழு சுருண்டு உதிர ஆரம்பிக்கும். உதிர உதிர உறிஞ்சுங்கள். அசையவில்லையென்றால் அளவு போதவில்லை, கொஞ்சம் கூட்டலாம். முடிந்ததும் கழுவிய புதுக் கார்பன், கூடவே முப்பது சதவீதம் தண்ணீர் மாற்றம்.

பலர் கோட்டை விடுவது இந்தத் தண்ணீரில்தான். 200 லிட்டர் டேங்குக்கு 60 லிட்டர், உப்பு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ. முந்தின ராத்திரியே கலக்கி, வெப்பமும் 1.025 அடர்த்தியும் சரிபார்த்துத் தயாராக இருக்க வேண்டும். மருந்து விட்டபின் ஆர்ஓவைத் திறந்து சொட்டுச் சொட்டாகப் பிடித்தால் நஞ்சு காத்திருக்காது. அவசரத்துக்கு வளவில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரை எடுக்கவே கூடாது. செம்பு, பித்தளை அண்டாவில் நின்ற தண்ணீரில் தாமிரம் கரைந்திருக்கும். இறாலும் நத்தையும் முதலில் போகும், பவளமும் தாங்காது. எப்போதும் பிளாஸ்டிக் டிரம்தான்.

ஈபி மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் தொடங்காதீர்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. பேட்டரி ஏர் பம்ப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு புழு தப்பினாலும் மொட்டுவிட்டுப் பெருகும். பத்து நாள் கழித்து இன்னொரு சுற்று, அப்போது சம்ப் (வடிகட்டிகள் வைக்கும் துணைத்தொட்டி) மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.