மியாட்டாவுக்கு முதல் செலவு எதில்? டர்போவா, சூப்பர்சார்ஜரா, சஸ்பென்ஷனா?

பழைய மியாட்டா வாங்கியவருக்குக் கொஞ்ச நாளிலேயே கை துறுதுறுக்கத் தொடங்கும். நான் சொல்வது 1989-ல் சிகாகோ ஆட்டோ ஷோவில் மஸ்டா அறிமுகப்படுத்திய முதல் தலைமுறை எம்எக்ஸ்-5; மியாட்டா என்பது அந்தச் சின்ன இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் அமெரிக்கப் பெயர். 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்கக் கணக்கில் 116 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவுக்குள். இன்றைக்கு ஒரு சாதாரணக் குடும்பக் கார்கூட அதை முந்திவிட்டுப் போகும். அதனால் எல்லோர் கண்ணும் முதலில் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மேல்தான் விழும்.

சரி, டர்போ என்ன தரும்? மிதமான பூஸ்ட்டிலேயே (காற்றைத் திணிக்கும் அழுத்தம்) கார் ஆளே மாறிவிடும். மேட்டில் கியர் குறைக்க வேண்டியிருக்காது. ஆனால் டர்போ தனியாக வராது. எரிபொருள் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் புது ஈசியூ கணினி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பலமான கிளட்ச் என்று பின்னாலேயே ஒரு பட்டாளம் வரும். எஞ்சின் அறையில் சூடு ஏறும், பழைய ரேடியேட்டர் திணறும். 1.6 காரில், சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சின்னது. டார்க் (திருப்பு விசை) கூடினால் அது எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. 1990 மாடலிலும் 91-ன் முற்பகுதி கார்களிலும் இன்னொரு தலைவலி உண்டு. எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டின் முன்முனை குட்டை. அங்கே புல்லி ஆடி, புல்லியைப் பிடித்து நிறுத்தும் சின்ன உலோகக் கட்டை (கீ) உட்காரும் பள்ளம் தேய்ந்துபோன கார்கள் நிறைய. அதைக் கழற்றிப் பார்க்காமல் டர்போ கிட் ஆர்டர் போடுவது வீண் செலவு.

சூப்பர்சார்ஜரும் காற்றைத் திணிப்பதுதான்; ஆனால் எஞ்சினின் பெல்ட்டில் ஓடுவதால் மிதித்த உடனே இழுக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஊருக்குள் டர்போவைவிட இதுவே தோது என்பேன். ஆனால் எஞ்சினின் சக்தியிலேயே கொஞ்சத்தைத் தின்றுதான் அது சுழல்கிறது. உள்ளே போகும் காற்றும் சூடாகும். ஜாக்சன் ரேசிங் விற்ற ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் கிட்கள் இப்போது பெரும்பாலும் பழசாகத்தான் கிடைக்கும். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் மாற்றுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சத்தம் கூடும், சக்தி பெரிதாகக் கூடாது.

என் ஓட்டு சஸ்பென்ஷனுக்கு. நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் (மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) வைத்த கார் இது. அந்த அமைப்பை முப்பது வருடப் பழைய ஷாக் அப்சார்பர் வீணடித்துக்கொண்டிருக்கும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பின்சக்கரம் மேலே எழும்ப இடம் குறைவு. அழகுக்காகக் குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தினால், சின்னப் பள்ளத்தில்கூட பம்ப் ஸ்டாப்பில் (சக்கரம் அதற்கு மேல் எழாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் பின்பக்கம் சட்டென்று வழுக்கும். மலிவான காயில்ஓவர்களில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வரும் செட்) பலதும் இந்த ரகம்தான். தெருவில் ஓட்டுகிறவருக்கு நல்ல ஷாக், கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங், ஒரிஜினலைவிடச் சற்றே குறைந்த உயரம் போதும். கோனி ஸ்போர்ட் ஷாக் என்றால் இறுக்கத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். பில்ஸ்டைனில் அந்த வசதி இல்லை, ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடலாம். கரடுமுரடான சாலை என்றால் நான் கோனியை எடுப்பேன்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. சஸ்பென்ஷன் கையில் உள்ள போல்ட்டைத் திருப்பினாலே கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறும்படி மஸ்டாவே மையம் விலகிய போல்ட்டுகளை வைத்திருக்கிறது. துருப்பிடித்து இறுகாமல் இருந்தால் கூலி மட்டும்தான் செலவு. அதற்கு முன்னால் டயர். கம்பெனி அளவு 185/60 ஆர்14 (185 மி.மீ. அகலம், 14 அங்குல வீல்). பலரும் போடுவது 195/50 ஆர்15. பழைய ஏழு ஆரக்கால் அலாய் வீல் ஒன்று சுமார் ஐந்தரை கிலோதான். அதைக் கழற்றிவிட்டு கனமான 17 அங்குல வீல் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஸ்டியரிங்கில் இருந்த உயிர் அத்தோடு போச்சு.

இவ்வளவுக்குப் பிறகும் டர்போதான் வேண்டும் என்பவர், 1994 மாடலிலிருந்து வந்த 1.8 லிட்டர் காரைத் தேடட்டும். 128 குதிரைத்திறன், பெரிய பிரேக் டிஸ்க், 7 அங்குல டிஃபரன்ஷியல் எல்லாம் அதில் கம்பெனியிலிருந்தே வரும். 1.6-ல் அவற்றை ஒவ்வொன்றாக மாற்ற ஆகும் காசை ஷாக்குக்கும் டயருக்கும் போடலாம்.