போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்க மறுக்கும்போது: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு சிறிய அலுவலகத்தின் மின்னஞ்சல் முழுவதையும் டெபியன் லினக்ஸ் சர்வரில் இயங்கும், அஞ்சல்களை அனுப்பவும் பெறவும் உதவும் போஸ்ட்ஃபிக்ஸிடம் ஒப்படைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனேமா உருவாக்கி 1998 டிசம்பரில் வெளிவந்த இந்த மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக நின்று நான் பார்த்ததில்லை. சர்வரை மறுதொடக்கம் செய்த பிறகோ அமைப்பை மாற்றிய பிறகோதான் தொடங்க மறுக்கும். அப்போதும் காரணத்தை லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) ஒரே வரியில் எழுதிவிடும். இதன் பண்புகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

டெபியன் 12-இல் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி; அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பெயரில் உள்ள சேவை வெறும் உறை. மெய்யான செயல்முறைகள் வேறொரு துணைச் சேவையின் கீழ் இயங்குகின்றன. ஆகவே, அஞ்சல் அமைப்பு நின்றுபோயிருந்தாலும், சேவைகளின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை பச்சை நிறத்தில் 'ஆக்டிவ்' என்றே காட்டக்கூடும். 'போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையின் விடையையே நம்ப வேண்டும்.

லாக்கில் 'ஃபேட்டல்' என்று தொடங்கும் வரிகளுள் நான் அதிகம் சந்தித்தது, அஞ்சல் வந்துசேரும் 25ஆம் போர்ட் (இணைப்பு எண்) ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்பது. வேறொரு அஞ்சல் நிரலோ, அந்தப் போர்ட்டை வெளியே திறந்துவைத்திருக்கும் ஒரு கண்டெய்னரோ (தனித்து அடைக்கப்பட்டு இயங்கும் நிரலோ) அதைப் பிடித்துவைத்திருக்கும். ரூட் பயனராக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' (ss -ltnp) கட்டளை கொடுத்தால் எது என்று தெரிந்துவிடும். இன்னொன்று சற்றுக் குழப்பமானது: சர்வரில் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) முடக்கப்பட்டிருக்க, பெயர்களுக்கு முகவரி தரும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (அதே கணினிக்கு) ஐபிவி6 முகவரியும் எழுதப்பட்டிருந்தால், எந்த முகவரிகளில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் 'ஐநெட்_இன்டர்ஃபேசஸ்' மதிப்பு லோக்கல்ஹோஸ்ட் என்றிருக்கும் நிலையில், அந்த முகவரிக்கு உரிய இடைமுகம் இல்லை என்று சொல்லி போஸ்ட்ஃபிக்ஸ் நின்றுவிடும். எந்த முகவரி முறையைப் பயன்படுத்துவது என்று சொல்லும் 'ஐநெட்_புரோட்டோகால்ஸ்' மதிப்பை, பழைய முறையான ஐபிவி4 என மாற்றினால் போதும். குறிப்பிட்ட ஐபி முகவரி ஒன்றை அமைப்பில் எழுதியிருந்து, பூட் ஆகும்போது அந்த முகவரி இன்னும் கிடைத்திராவிட்டாலும் இதே பிழைதான் வரும். நெட்வொர்க் முழுமையாக எழுந்த பிறகே சேவை தொடங்கும்படி செய்வது அதற்குத் தீர்வு.

போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-இல், இடைவெளியுடன் தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சியாகவே படிக்கப்படும். நகலெடுத்து ஒட்டிய வரிகளில் இது அடிக்கடி நேர்கிறது. 'போஸ்ட்கான்ஃப் -என்' (postconf -n) கட்டளை காட்டும் மதிப்புகளைப் பார்த்தால் உடனே புலப்படும். இணைப்பை மறையாக்கம் செய்ய உதவும் டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியானதால் டீமன் (பின்னணியில் இயங்கும் நிரல்) தொடங்குவது தடைப்படாது என்பதால், அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பதற்றத்தில் போஸ்ட்ஃபிக்ஸை அடியோடு நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன், ஏனெனில் அதற்கான அவசரமே இல்லை. வரிசையில் உள்ள அஞ்சல்கள் வட்டில் பத்திரமாக இருக்கின்றன. வெளியிலிருந்து அனுப்பும் சர்வர்களும் பொதுவாகச் சில நாட்கள் மீண்டும் மீண்டும் முயலும், போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பே 5 நாட்கள். 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' கட்டளை கோப்புகளின் உரிமையிலும் அனுமதியிலும் உள்ள கோளாறுகளை நன்றாகவே சொல்கிறது. ஆனால் போர்ட் மோதலை அது கண்டறியாது என்பதால், அது மௌனமாக முடிந்தாலும் லாக்கைப் படித்தே ஆக வேண்டும்.