பீட்டர் கேப்ரியலா, பில் காலின்ஸா?

இங்கிலாந்தின் ராக் குழுவான ஜெனிசிஸில் ஐந்து பேருமே தனி ஆல்பம் போட்டவர்கள். டோனி பேங்க்ஸுடையது பெரிதாக எடுபடவில்லை. மைக் ரதர்ஃபோர்டு தனியாக இன்னொரு குழுவே அமைத்துக்கொண்டார். ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டாருக்கென்று ரசிகர் கூட்டம் உண்டு. ஆனாலும் வாதம் என்று வந்தால் இரண்டு பேர்தான்: 1975-இல் விலகிப்போன பாடகர் பீட்டர் கேப்ரியல், அவர் விட்ட மைக்கைப் பிடித்த டிரம்மர் பில் காலின்ஸ். எல்.பி. இசைத்தட்டு வாங்க ஒதுக்கிய காசில் ஒருவரைத்தான் முழுதாகச் சேர்க்க முடியும் என்றானபோது நான் கேப்ரியல் பக்கம் போனேன்.

விற்பனையில் போட்டியே கிடையாது, காலின்ஸ்தான். கிராமி, ஆஸ்கர் இரண்டும் வாங்கியவர். 1985-இல் லைவ் எய்ட் நிதிதிரட்டும் கச்சேரி அன்று லண்டனில் பாடிவிட்டு கான்கார்ட் அதிவேக விமானம் ஏறி, அதே நாளில் ஃபிலடெல்ஃபியா மேடையிலும் நின்றவர். இதெல்லாம் ஊரறிந்த கதை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டாலும் பாட்டு தாங்குமா?

வேடிக்கை என்னவென்றால், இருவரின் கதையும் ஒரே டிரம்ஸ் ஓசையிலிருந்து கிளைக்கிறது. 1980-இல் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பம். (முதல் நான்குக்கும் ‘பீட்டர் கேப்ரியல்’ என்றே பெயர். கடைக்காரர்கள் பாவம்.) அதில் ‘இன்ட்ரூடர்’ பாட்டுக்கு வாசித்தவர் காலின்ஸ். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் என்கிற உலோகத் தட்டைத் தொடவே கூடாது என்பது கேப்ரியலின் கண்டிஷன். வாத்தியக்காரர்கள் பேசுவது கன்ட்ரோல் ரூமுக்குக் கேட்பதற்காக வைத்திருந்த மைக்கில் டிரம்ஸ் புகுந்து பூதாகரமாக ஒலித்தது. பொறியாளர் ஹ்யூ பாட்கம் அதைப் பிடித்துக்கொண்டு, எதிரொலி சட்டென்று அறுந்து விழும்படி அமைத்தார். மறுவருஷம் ‘இன் தி ஏர் டுநைட்’டில் காலின்ஸ் மூன்று நிமிஷத்துக்கும் மேல் காக்கவைத்து அந்த இடியை இறக்கினார். அந்தப் பாட்டில் ஜெயித்தது காலின்ஸ்தான், சந்தேகமே இல்லை.

பிறகு எண்பதுகளில் ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ அதே ஓசை. காலின்ஸின் ஆல்பங்கள் அந்தப் பத்தாண்டோடு ஒட்டிப்போயின. ‘சுசூடியோ’வைப் போட்ட பத்தாவது நொடியில் வருஷத்தைச் சொல்லிவிடலாம். கேப்ரியலின் ‘ஸோ’விலும் (1986) அந்தக் காலத்து வாடை இல்லாமல் இல்லை. அதில் வந்த ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ அமெரிக்கப் பட்டியலின் உச்சியிலிருந்து இறக்கிவிட்டது ஜெனிசிஸின் ‘இன்விசிபிள் டச்’சையே! ஆனால் அதே ஆல்பத்தில் ‘இன் யுவர் ஐஸ்’ முடியும் தறுவாயில் செனகல்காரர் யூசு என்டூரின் குரல் எழும்புகிறதே, அது இன்றைக்கும் புதுசு.

பிறரை உள்ளே விடத் தெரிந்தவர் கேப்ரியல். ‘பேஷன்’ (Passion, 1989) ஆல்பத்தில் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடுகிறார். எல். சங்கர் இரட்டை வயலின் வாசிக்கிறார். கர்நாடக இசையையும் ஜாஸையும் கலந்த ‘சக்தி’ குழுவில் இருந்தாரே, வயலின் வித்வான் எல். சுப்ரமணியத்தின் தம்பி, அவரேதான். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழைப்பு எங்கிருந்து வருகிறதென்று உடனே பிடிபடும். இத்தனை பேர் புழங்குகிற ஆல்பத்தில் ஒவ்வொரு தடவையும் காது வேறொரு ஆளைப் பின்தொடர்கிறது. காலின்ஸிடம் எனக்கு இது நடப்பதில்லை. முதல் தடவையே எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார். அதுவும் ஒரு தாராளம்தான்.

கேப்ரியலிடம் குறை என்றால் தாமதம். ‘அஸ்’ 1992, ‘அப்’ 2002, சொந்தப் பாட்டுகளோடு அடுத்த ஆல்பம் ‘ஐ/ஓ’ 2023! பௌர்ணமிக்கு ஒரு பாட்டாக வெளியிட்டார். அது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் இன்னும் கேட்கவில்லை. இருவரையும் மேடையில் நேரில் பார்த்ததுமில்லை, அதனால் கச்சேரிப் பேச்சுக்கே வரவில்லை. 1982-இல் கேப்ரியலின் வோமாட் இசைவிழா கடனில் மூழ்கியபோது, அதை அடைக்க பழைய குழு இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் அவரோடு மேடையேறியது, காலின்ஸும் சேர்த்துத்தான். நம் சண்டையெல்லாம் அவர்களுக்குள் இல்லை.

ஒரே ஒரு ஆல்பம் போதும் என்பவர்கள் காலின்ஸின் ‘ஃபேஸ் வேல்யூ’வை வாங்கலாம். முதல் மணவாழ்க்கை முறிந்த சமயத்தில் செய்தது, இன்னும் பழசாகவில்லை. முழு வரிசையும் வேண்டுமென்றால் கேப்ரியலின் மூன்றாவதில் தொடங்குங்கள். முதல் இரண்டும் காத்திருக்கட்டும்.