கணக்கில் பணம் இருந்தும் ஃபியூஸைப் பிடுங்கினார்கள்: என்.ஆர்.ஓ. கணக்கில் ஆட்டோ பே வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டின் கரண்ட் பில், பிராட்பேண்ட் பில் எல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வங்கி ஆப்பைத் திறக்க வேண்டாம். மின்வாரிய இணையதளத்துக்குப் போய் வீட்டு இணைப்பு எண்ணைப் போட்டு, கடைசி பில் உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வங்கி ஆப் காட்டுவது வேறு, நடப்பது வேறு. எங்கள் வீட்டில் அது எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்கிறேன். வங்கியின் பெயரை எழுதப்போவதில்லை. எந்த வங்கியிலும் இது நடக்கலாம்.

நான் வேலை பார்ப்பது வளைகுடாவில். அப்பாவும் அம்மாவும் திருச்சி வீட்டில். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். அதனால் ஒரு பில் கட்டப்படாமல் போனால் அது கண்ணில் படுவதற்குள் கெடுவும் தாண்டிவிடும். இந்த வேலையே வேண்டாம் என்றுதான் என் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் ரூபாயில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) ஆட்டோ பே போட்டு வைத்தேன். சில வருடங்கள் ஒரு பிரச்சினையும் இல்லை.

மே மாதம், உச்சி வெயில் நேரம். அம்மா போன் செய்தார். “ஏம்ப்பா, பில்லு கட்டலையாமே? லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாருப்பா.” லைன்மேனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் இருந்த பட்டியலில் எங்கள் எண் இருந்தது. கேட்டதற்கு, பணத்தைக் கட்டிவிட்டுச் சொல்லுங்கள், உடனே வந்து போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நான் வங்கி ஆப்பைத் திறந்து பார்த்தேன். பணம் வேண்டிய மட்டும் இருந்தது. ஆட்டோ பே பக்கத்தில் மின்வாரியத்தின் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் ‘ஆக்டிவ்’. கடைசியாக எப்போது பணம் போனது, அல்லது போகவில்லை என்பதற்கு அங்கே ஒரு வரி கூட இல்லை.

கரண்ட்டை முதலில் வரவழைக்க வேண்டுமே. பக்கத்துத் தெருவில் இருக்கும் அத்தை பையனுக்கு இணைப்பு எண்ணை அனுப்பினேன். அவன் யு.பி.ஐ.யில் பாக்கியையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் கட்டினான். சாயங்காலத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது. இணைப்பு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் யாருடைய பில்லையும் கட்டலாம், வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும் என்றில்லை. அந்த எண்ணை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

அப்புறம் வங்கி. அவர்களுடைய 1800 எண் வெளிநாட்டிலிருந்து போகாது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கென்று கொடுத்திருக்கும் இன்னொரு எண்ணில், ஐ.எஸ்.டி. கட்டணத்தில், அவர்கள் போடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். பல பேரைத் தாண்டிய பிறகு ஒரு பெண் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்: “சார், உங்க அக்கவுண்ட் டெபிட் ஃப்ரீஸ்ல இருக்கு. கே.ஒய்.சி. புதுப்பிக்கலை.”

கே.ஒய்.சி. என்பது நம் அடையாளம், முகவரி விவரங்களை வங்கி சரிபார்த்து வைத்திருக்கும் பதிவு. டெபிட் ஃப்ரீஸ் என்றால் கணக்குக்குள் பணம் வரலாம், வெளியே போகாது. இதில்தான் வினையே. நான் இங்கிருந்து பணம் அனுப்பும்போதெல்லாம் வரவு வைத்ததற்கான எஸ்.எம்.எஸ். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கணக்கு நன்றாக இருக்கிறது என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

மூன்று முறை தகவல் அனுப்பினோம் என்றது வங்கி. எந்த எண்ணுக்கு என்று கேட்டால், நான் வெளிநாடு வருமுன் வைத்திருந்து, பிறகு கைவிட்ட பழைய இந்திய எண்ணைச் சொன்னார்கள். அந்த எண் இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு என் கே.ஒய்.சி. நிலவரம் நன்றாகத் தெரிந்திருக்கும். ஓ.டி.பி. மட்டும் என் வளைகுடா எண்ணுக்குத்தான் வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அதை முறைப்படி கிளையில் எழுதிக் கொடுத்துப் பதிந்திருந்தேன். வங்கிக்குள் ஓ.டி.பி. போகும் பதிவேடு ஒன்று, கே.ஒய்.சி. பதிவேடு இன்னொன்று. ஒன்றில் மாற்றினால் மற்றொன்றில் மாறவில்லை. உங்கள் வங்கியிடம் கேளுங்கள்: “கே.ஒய்.சி. பதிவில் என் எண்ணும் மின்னஞ்சலும் என்ன?” வாய்ச்சொல் போதாது, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அடுத்த கூத்து, நேரில் கிளைக்கு வரச் சொன்னது. வர முடியாது என்றதும், பாஸ்போர்ட் நகலில் இந்தியத் தூதரகத்தின் சான்று வாங்கி அனுப்புங்கள், அது ஒன்றுதான் வழி என்றார்கள். அது சரியில்லை. ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. வழிகாட்டுதலில், வெளிநாட்டில் இருப்பவரின் ஆவண நகலுக்கு யார் யார் சான்று தரலாம் என்று தெளிவாக இருக்கிறது. தூதரகம் மட்டுமல்ல, வெளிநாட்டு நோட்டரி, நீதிபதி, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி, நம் வங்கியோடு தொடர்புள்ள வெளிநாட்டு வங்கியின் கிளை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதைவிட முக்கியம், விவரங்களில் எந்த மாற்றமும் இல்லையென்றால் சான்றே தேவையில்லை. பதிவு செய்த மின்னஞ்சல், மொபைல் அல்லது நெட் பேங்கிங் வழியாக நாமே ஓர் உறுதிமொழி கொடுத்தால் போதும். அதற்காகக் கிளைக்கு வர வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தனியாக ஒருமுறை விளக்கமே கொடுத்தது. இந்த வரிகளை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிய பிறகுதான் கிளையில் குரல் இறங்கியது. அதற்கு முன்பு வரை எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

புதுப்பிக்க வேண்டிய காலமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. வங்கி நம்மை எந்த ஆபத்து வகையில் வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்து 2 ஆண்டு, 8 ஆண்டு, 10 ஆண்டு என்று மாறும். வெளிநாட்டில் இருப்பவர் 10 ஆண்டு வகையில்தான் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்த தேதி எது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த திருத்தத்தின்படி, கெடுவுக்கு முன் குறைந்தது மூன்று முறை வங்கி தகவல் சொல்ல வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். என் விஷயம் நடந்தபோது இந்த விதி கிடையாது. இனி யாருக்காவது நடந்தால் அந்தக் கடிதம் எங்கே என்று கேட்கலாம்.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது கணக்கு அறிக்கையைப் பார்த்தபோதுதான். அவர்களே கணக்கைப் பூட்டினார்கள். மின்வாரியத்துக்கும் பிராட்பேண்டுக்கும் போக வேண்டிய பணம் அதனால் போகவில்லை. ஃப்ரீஸை எடுத்த மறுகணமே, பணம் போகாத ஒவ்வொரு முறைக்கும் ‘மேண்டேட் ரிட்டர்ன்’ (ஆட்டோ பே நிறைவேறாமல் திரும்பியதற்கான) கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வரிசையாக எடுத்துவிட்டார்கள். கணக்கில் பணம் இல்லாதவரிடம் வாங்கும் அபராதத்தை, பணத்தை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் இருந்தவனிடம் வாங்கியிருக்கிறார்கள்.

புகார் கொடுத்தேன். ‘தீர்க்கப்பட்டது’ என்று ஒரு மின்னஞ்சல் வந்து டிக்கெட் மூடப்பட்டது. என்ன தீர்ந்தது என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. மறுபடி திறந்து, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதினேன். 2021 நவம்பரில் வந்த ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குப் போவேன் என்று அதிலேயே குறிப்பிட்டேன். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலும் அங்கே போகலாம். கட்டணம் இல்லை, இணையத்திலேயே பதியலாம், வக்கீல் தேவையில்லை. அந்தப் பெயரை எழுதிய பிறகு ரிட்டர்ன் கட்டணம் முழுவதும் ஜி.எஸ்.டி.யோடு திரும்பி வந்தது. மறு இணைப்புக் கட்டணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். தொகை சிறியதுதான். ஆனாலும் விடுவதாக இல்லை, அதைக் குறைதீர்ப்பாளரிடம் பதிந்திருக்கிறேன்.

இதோடு முடியவில்லை. ஃப்ரீஸ் போன பிறகு பழைய ஆட்டோ பே வேலை செய்யாது, புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். சரி என்று பதிந்தால், அதிகபட்சத் தொகை என்ற கட்டத்தில் கிளையில் அவர்களாகவே 3,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். பில் அந்த வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் மொத்தமாக நிராகரிக்கப்படும், வரம்பு வரைக்கும் கட்டிவிட்டு மீதியைக் கேட்காது. கோடையில் ஏ.சி. ஓடும் வீட்டுக்கு 3,000 எந்த மூலைக்கு? நம் ஊர்க் கட்டண முறையில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறும். பில் ஒரே தாவாகத் தாவும். பதிவு நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால் கண்ணில் பட்டது, மாற்ற வைத்தேன். வீட்டின் மிக அதிகமான கோடை பில் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு வரம்பு வையுங்கள்.

கார்டில் ஆட்டோ பே வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வரும். 2022 ஜூனிலிருந்து 15,000 ரூபாய்க்கு மேல் போகும் பில்லுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குப் போவதாக இருந்து, அந்த சிம் ரோமிங்கில் உயிரோடு இல்லையென்றால் அந்த பில் அங்கேயே நிற்கும். கார்டு காலாவதியானாலும் அப்படித்தான்.

இப்போது ஆட்டோ பேயை எடுத்துவிடவில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கவும் இல்லை. மின்வாரியத்தில் பதிந்திருந்த மொபைல் எண்ணை அத்தை பையன் எண்ணாக மாற்றியாயிற்று. பில் விவரம் அவனுக்குப் போகும், கட்டியதா என்று தளத்தில் நான் பார்ப்பேன். அதோடு மின்வாரியத்தில் முன்பணம் கட்டி வைக்கும் வசதி இருக்கிறது. ஒரு கோடை பில் அளவுக்கு அப்படிக் கட்டி வைத்திருக்கிறேன், வங்கி சொதப்பினால் பில் அதில் கழிந்துகொள்ளும். பிராட்பேண்டை ஆட்டோ பேயிலிருந்தே எடுத்துவிட்டேன். அதை அத்தை பையனே கட்டிவிட்டு மாதாமாதம் என்னிடம் வாங்கிக்கொள்கிறான்.